நோய் மீனிலா, நீரிலா?

போலகத்திலிருந்து ஒரு தாய் நமக்கு வரைந்துள்ள மடலே இம்மாதப் பகுதிக்குப் பொருளாக அமைகின்றது. ஒன்பதாம் வகுப்பில் பயிலும் அவருடைய மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக, தந்தையார் சென்னைக் கொளத்தூரிலிருந்து கடல்மீன்கள் ஆறு வாங்கி வந்தார். கண்ணாடித் தொட்டியும் காற்றுக்குழாயும் வந்து சேர்ந்தன. கடல் அருகிலேயே இருக்க உப்புநீருக்குப் பஞ்சமா என்று எண்ணி, திருமலைராசன் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் குடங்களில் நீர் மொண்டு வந்து அன்றே தொட்டியை நிரப்பி, அன்றே மீன்களையும் விட்டார்கள்.

பத்தாம் நாள் மீன்களின் உடலில் உப்புக்கல் தூவினாற்போல் வெண்புள்ளிகள் தோன்றின. கடையில் கேட்டு ஒரு மருந்தை ஊற்றினார்கள். ஐந்தாம் நாள் புள்ளிகள் மறைந்தன, வீடே மகிழ்ந்தது. அடுத்த வாரம் அவை முன்னிலும் பன்மடங்காய்த் திரும்பின. நான்கு மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாய் மாண்டன. எஞ்சியவை இரண்டு கோமாளி மீன்கள். மகன் சரியாக உண்பதில்லை. தொட்டியின் முன்னேயே அமர்ந்திருக்கிறான்.

அந்தத் தாய் கேட்கும் கேள்விகள் மூன்று. இவ்விரண்டையும் காப்பாற்ற என்ன மருந்து? முடியாதெனில் அவற்றைக் கடலிலேயே விட்டுவிடலாமா? தன்னால்தான் அவை இறந்தன என்று கலங்கும் மகனுக்கு என்ன சொல்வது?

மீன் நமது கடற்கரைக் குடும்பங்களுக்கு உணவு, பலருக்குத் தொழில். அதற்கு நோய் வந்தால் என்ன, இறந்தால் என்ன என்று கேட்போர் இருக்கக்கூடும். ஆயினும் ஓர் உயிரைத் தன் பொறுப்பில் ஏற்ற சிறுவனின் துயரம் சிறியதன்று. ஆகவே மூன்று கேள்விகளையும் முறையாக ஆராய்வோம்.

மீன் சுமந்து வந்த சுமை

கடல்மீனின் உடலுக்குள் உள்ள உப்பு, கடல்நீரில் உள்ள உப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. ஆதலின் அதன் உடலிலிருந்து நீர் இடையறாது வெளியே கசிந்துகொண்டிருக்கிறது. நீருக்குள்ளேயே வாழும் அவ்வுயிர், தாகத்தால் மாளாதிருக்க ஓயாமல் கடல்நீரைப் பருகுகிறது. மிகுந்த உப்பைச் செவுள்களின் வழியே வெளியேற்றுகிறது. செதில்களின்மேல் படர்ந்துள்ள வழுவழுப்பான படலம் அதற்குச் சட்டையும் கவசமும் ஆகும். நீர் கசிவதைக் குறைப்பதும், கிருமிகளைத் தடுப்பதும் அதுவே.

இனி, கொளத்தூர் வந்து சேருமுன் அந்த மீன் பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள். பவளப்பாறையின் இடுக்கிலிருந்து வலையால் அள்ளப்பட்டது. வழியில் நீர் கெடாதிருக்க ஓரிரு நாள் பட்டினி போடப்பட்டது. பிராணவாயு நிரப்பிய பிளாஸ்டிக் பையில் கட்டப்பட்டு, தன் கழிவிலேயே நீந்திக்கொண்டு நெடுந்தொலைவு பயணம் செய்தது. கடைத்தொட்டியில் சில நாள், மறுபடியும் பை, பேருந்து, இறுதியில் ஒளிந்துகொள்ள ஒரு கல்லும் இல்லாத புதிய தொட்டி. அங்கே தன்னிலும் பெரிய மீன் ஒன்று துரத்துகிறது.

அச்சம் வரும்போது மீனின் உடலிலும் மனிதரின் உடலில் போலவே கார்ட்டிசால் என்னும் சுரப்பு பெருகுகிறது. ஒரு நொடி தப்பியோட அது உதவும். நாட்கணக்கில் நீடித்தாலோ, நோயை எதிர்க்கும் ஆற்றல் குன்றுகிறது; உப்பையும் நீரையும் சமன்செய்யும் வேலை தடுமாறுகிறது. வலையும் கையும் உரசி வழுவழுப்புப் படலமும் கிழிந்திருக்கும். நிறம் மங்குதல், மூலையில் ஒதுங்குதல், இரையை மறுத்தல், துடுப்புகளை உடலோடு ஒடுக்கிக்கொள்ளுதல், செவுள் விரைந்து அடித்தல், கல்லில் உடலைத் தேய்த்தல் ஆகிய இவை மீன் தன் துன்பத்தைக் கூறும் மொழி. நோய் கண்ணுக்குப் புலப்படுமுன்பே இம்மொழி தொடங்கிவிடுகிறது.

தெளிந்த நீரிலும் நஞ்சு

தொட்டி நீர் பளிங்குபோல் இருந்தது என்று அந்தத் தாய் எழுதுகிறார். இருந்திருக்கும். மீனின் செவுளிலிருந்து வெளிவரும் அம்மோனியாவுக்கு நிறமில்லை. பரந்த கடலில் அது கரைந்து போகும். சிறு தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும். கடல்நீர் காரத்தன்மை உடையதாதலால், அதே அளவு அம்மோனியா நன்னீரைவிடக் கடல்நீரில் மிகுதியாக நஞ்சாகிறது.

இறைவன் இதற்கும் தூய்மைப் பணியாளரைப் படைத்திருக்கிறார். ஒருவகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இறுதியில் வரும் நைட்ரேட்டின் தீங்கு மிகக் குறைவு. நீரைப் பகுதி பகுதியாய் மாற்றுவதால் அதனை நீக்கலாம். ஆனால் இப்பணியாளர் மணலிலும் கல்லிலும் வடிகட்டியிலும் குடியேறிப் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். தொட்டி வைத்த அன்றே ஆறு மீன்களை விடுவது, கிணறு வெட்டாத ஊரில் ஆறு குடும்பங்களைக் குடியேற்றுவதற்கு ஒப்பாகும்.

கோடையின் வெப்பமும் ஒரு சுமையே. நீர் சூடேறச் சூடேற அதில் கரையும் பிராணவாயு குறைகிறது. நன்னீரைக் காட்டிலும் கடல்நீரில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே கரையும். நீரின் வெப்பம் 25 முதல் 28 பாகைக்குள் இருப்பது நலம். நீர்ப்பரப்பின் மீது சிறு மின்விசிறி வீசினால் இரண்டு மூன்று பாகை தணியும். மின்சாரம் நின்றால் ஓடும்படி பேட்டரியால் இயங்கும் காற்றுக்குழாய் ஒன்றும் வீட்டில் இருத்தல் வேண்டும். 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் நம் டெல்டாக் கரையைத் தாக்கியபோது எத்தனை ஊர்கள் பல நாட்கள் இருளில் கிடந்தன என்பதை நாம் மறக்கவில்லை.

மறைந்து திரும்பும் வெண்புள்ளி

இப்பொழுது நோய்க்கு வருவோம். மடலில் கண்ட அடையாளங்கள் கடல்மீன் வெண்புள்ளி நோயையே காட்டுகின்றன. இதனை உண்டாக்கும் ஒட்டுண்ணியை ஜப்பானிய அறிஞர் சிகாமா 1937-இல் விவரித்தார். கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்பது அதன் அறிவியற் பெயர். நமது கரையில் 1994-95 ஆண்டுகளில் இறால் பண்ணைகளை அழித்த வெண்புள்ளி நோய் வேறு. அது வைரசால் வந்தது. பெயர் ஒன்றாயினும் நோயும் மருத்துவமும் வெவ்வேறு.

இவ்வொட்டுண்ணியின் வாழ்வு நான்கு படிகளாலானது. முதலில் அது மீனின் தோலிலும் செவுளிலும் புகுந்து, 3 முதல் 7 நாள் வரை அங்கே உண்டு கொழுக்கிறது. நாம் காணும் வெண்புள்ளி இதுவே. பின்னர் மீனைவிட்டுத் தானே விழுந்து, மணலிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொள்கிறது. அங்கே கூடு கட்டி, ஒன்று பலவாய்ப் பிளந்து பெருகுகிறது. ஒரு கூட்டிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட குஞ்சுகள் வெளிவரக்கூடும். மூன்று நாள் முதல் சில வாரங்கள் வரை கழித்து அவை வெளிப்பட்டு, ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைத் தேடிப் பற்றிக்கொள்ளும். பற்ற இயலாதவை மடியும்.

ஐந்தாம் நாள் புள்ளிகள் மறைந்ததன் பொருள் இப்போது விளங்குகிறதன்றோ? நோய் தீரவில்லை, அது மீனிலிருந்து மணலுக்கு இடம் மாறியது. குடும்பம் மகிழ்ந்திருந்த அவ்வாரத்தில்தான் அடியில் அது பன்மடங்காய்ப் பெருகிக்கொண்டிருந்தது.

கடலிலும் இவ்வொட்டுண்ணி உண்டு. ஆனால் அங்கே மீன்கள் கூட்டங்கூட்டமாய் இதனால் மாள்வது அரிது. விரிந்த நீரில், வெளிவந்த குஞ்சுகளுள் பெரும்பாலானவை மீனைக் காணாமலே மடிகின்றன. நலமான மீனோ ஓரளவு எதிர்த்து நிற்கிறது. கண்ணாடித் தொட்டியில் தப்பியோட வழியில்லை; எதிர்க்க வலிமையும் இல்லை. நெருக்கமும் தளர்ச்சியும் கூடிய இடத்தில்தான் ஒட்டுண்ணி கொள்ளை நோயாகிறது. ஆதலால் நோய் மீனிலா, நீரிலா என்று கேட்டால், பெரும்பங்கு நீரில் என்பதே நமது விடை.

உப்பு கரைத்தால் கடலாகுமா?

ஆற்றுமுகத்தில் நீர் எடுத்தது முதற் குறை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், ஐப்பசி கார்த்திகையில், அரசலாறும் திருமலைராசன் ஆறும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும்போது முகத்துவாரத்தின் உப்பு வெகுவாகக் குறைந்துவிடும். வயல்களின் உரமும் மருந்தும் ஊர்களின் கழிவும் அதில் கலந்திருக்கும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருத்தல் இயல்பு. கடைகளில் கிடைக்கும் ஹைட்ரோமீட்டர் 1.022 முதல் 1.025 வரை காட்டினால் நீர் தக்கதெனலாம்.

ஆற்றுமுகத்துக்கும் துறைமுகத்துக்கும் விலகிய இடத்தில், மழையற்ற நாளில், அலை உடையும் கரையைத் தாண்டிய நீரே ஏற்றது. கடலுக்குச் செல்லும் அன்பர் எவரேனும் இரண்டு கேன் நீர் கொண்டுவந்து தருவார். அதனை மெல்லிய துணியில் வடிகட்டி, மூடிய பாத்திரத்தில் இருட்டில் இரண்டு வாரம் வைத்திருந்தால், நுண்ணுயிர்கள் பல மடிந்து அடியில் படியும். தெளிவை மட்டும் இறுத்துப் பயன்படுத்தலாம்.

வேதாரண்யத்து உப்பை வாங்கிக் கரைத்தால் போதாதா என்று சிலர் கேட்பர். போதாது. பாத்தியில் நீர் வற்றும்போது சுண்ணச்சத்து முன்னதாகவே படிந்துவிடுகிறது. மக்னீசியம் கடைசியில் எஞ்சும் கசப்புநீரில் தங்கிவிடுகிறது. நாம் அள்ளுவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டுமே. சமையலுக்கு அது போதும், கடலுக்குப் போதாது.

இன்னொன்றையும் மனத்திற் கொள்க. தொட்டியிலிருந்து ஆவியாய்ச் செல்வது நீர் மட்டுமே; உப்பு உள்ளேயே நிற்கிறது. ஆதலின் மட்டம் குறைந்தால் நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும். கடல்நீரை ஊற்றினால் உப்பு நாளுக்கு நாள் ஏறும்.

என்ன மருந்து?

மருந்துக்கு முன், வந்தது எந்நோய் என்று அறிதல் வேண்டும். உப்புக்கல் போன்ற தனித்தனிப் புள்ளிகள் வெண்புள்ளி நோய். மாவோ பொன்தூளோ பூசினாற்போல் மிக நுண்ணிய தூசு படிந்து, மூச்சு மிக விரைந்து, ஓரிரு நாளில் மீன் இறந்தால் அது வெல்வெட் நோய் எனப்படும் அமிலோடினியம். கோமாளி மீன்களில் உடலெங்கும் வெண்சளி போர்த்தினாற்போல் தோன்றினால் அது புரூக்ளினெல்லா; அதற்குத் தாமிர மருந்து பயன்படாது. துடுப்பில் காலிபிளவர் போன்ற சிறு கட்டி எழுந்தால் அது லிம்போசிஸ்டிஸ் என்னும் வைரசு நோய். நீரும் உணவும் நன்றானால் பெரும்பாலும் தானே மறையும்.

வெண்புள்ளிக்கு மருந்தே இல்லாத ஒரு மருத்துவம் உண்டு. போலகம் போன்று கடல் அருகிலுள்ள ஊருக்கு அது மிகவும் ஏற்றது. பிளாஸ்டிக் தொட்டிகள் இரண்டு எடுத்துக்கொள்க. ஒன்றில் நல்ல கடல்நீர் நிரப்பி, காற்றுக்குழாயும், ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டும் வைத்து, இரு மீன்களையும் அதில் விடுக. மணல் கூடாது. மூன்று நாள் நிறையுமுன், இரண்டாம் தொட்டியில் அதே வெப்பமும் அதே உப்பும் உள்ள புதுநீர் நிரப்பி மீன்களை மாற்றுக. முதல் தொட்டியையும் அதிலிருந்த பொருள்களையும் கழுவி, நன்றாக வெயிலில் உலர்த்துக. இவ்வாறு மூன்று நாளுக்கு ஒருமுறை நான்கு முறை மாற்றினால், மீனைவிட்டு விழுந்த ஒட்டுண்ணிகள் பெருகி எழுமுன்பே வெயிலில் உலர்ந்து மடியும். மீனில் எஞ்சியிருப்பவையும் ஒவ்வொன்றாய் விழுந்து தீரும். வேண்டியது இரண்டு தொட்டியும் பன்னிரண்டு நாள் தவறாத பொறுமையும். பெரிய தொட்டியை மீனின்றி ஆறு முதல் பத்து வாரம் ஓடவிட வேண்டும். பற்ற மீனின்றி அங்குள்ளவை அழியும். அக்காலத்தில் இரையில் ஒரு சிட்டிகை நாள்தோறும் இட்டுவந்தால் தூய்மைப் பணியாளராகிய நுண்ணுயிர்களும் அங்கே பெருகும்.

தாமிர மருந்தும் பயன்தரும். ஆனால் அது லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் அளவில், இரண்டு மூன்று வாரம், நாள்தோறும் சோதித்து நிலைநிறுத்த வேண்டியது. குறைந்தால் பயனில்லை; மிகுந்தால் மீனுக்கே நஞ்சு. வயலுக்கு வாங்கிய மயில்துத்தத்தைக் கண்ணளவில் போடுவோர் உண்டு. அவ்வாறு செய்தல் ஒருபோதும் கூடாது. இறால், கடற்சாமந்தி, சிப்பி ஆகியவை உள்ள தொட்டியில் தாமிரம் அவற்றைக் கொன்றுவிடும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை நோயறியாமல் ஊற்றுவதும் தவறே. அவை தூய்மைப் பணியாளரையும் சேர்த்தே அழிக்கும்.

இனி எப்பொழுது புதிய மீன் வாங்கினாலும், நான்கு வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

கடலில் விட்டுவிடலாமா?

இரக்கத்தால் எழுந்த கேள்வி இது. எனினும் நமது விடை, கூடாது என்பதே. பல கடல்களின் மீன்கள் கூடும் கடைத்தொட்டியிலிருந்து வந்த நோயுற்ற மீன், நமது கடலுக்கு எதைக் கொண்டுசெல்லும் என்று எவர் அறிவார்? அம்மீன் இக்கடலுக்கு உரியதா என்பதும் தெரியாது. அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் 1985-இல் முதன்முறையாகக் காணப்பட்ட லயன்பிஷ் என்னும் இந்து-பசிபிக் மீன், வீட்டுத் தொட்டிகளிலிருந்து விடப்பட்டதென்றே கருதப்படுகிறது. இன்று அது கரீபியன் கடலெங்கும் பரவி, அவ்விடத்துச் சிறு மீன்களை விழுங்கி வருகிறது. இறந்த மீனையும் தொட்டி நீரையும்கூட ஆற்றிலோ கடலிலோ கொட்டலாகாது. மீனை மண்ணில் ஆழப் புதைக்கலாம். நீரில் பிளீச்சிங் பவுடர் இட்டு ஒரு நாள் வைத்து, செடிகொடி இல்லாத இடத்தில் ஊற்றலாம்.

அம்மீன்கள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் வாங்குமுன் கேட்க வேண்டும். பிலிப்பைன்ஸ் தீவுகளில் 1960-களிலிருந்து, பவளப்பாறையில் சயனைடு பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் கொடிய வழக்கம் தொடங்கியது. அவ்வாறு பிடிபட்ட மீன் வாங்கும்போது நலமாய்த் தோன்றிப் பின்னர் மாள்வதுண்டு. பாறையின் உயிர்களும் அழியும். நம் நாட்டில் கடற்குதிரைகளும் பவளங்களும் 2001-ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்புக்குள் கொண்டுவரப்பட்டன. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றமாகும். இதற்கு மாற்றாக, மண்டபத்திலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடலுயிரியல் மையமும் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு பொரிக்கும் முறையைக் கண்டு வளர்த்துள்ளன. தொட்டியில் பிறந்த மீன் தொட்டி வாழ்வுக்குப் பழகியது, கடலிலிருந்து பறிக்கப்படாதது. வளர்க்க விரும்புவோர் அத்தகைய மீனையே தேடுக.

மகனுக்கு என்ன சொல்வது?

உண்மையைச் சொல்லுங்கள். "உன்னால் இறக்கவில்லை" என்று மட்டும் கூறி அவன் கண்ணீரைத் துடைத்தால், மறுபடி மீன் வாங்கும்போது மறுபடியும் அதுவே நிகழும். "உன்னால்தான்" என்று பழித்தாலோ, உயிர்களிடம் அன்பு கொள்ளவே அவன் அஞ்சுவான். வீட்டார் அனைவரும் அறியாமல் செய்தது இது, அறிந்துகொண்டால் செய்யாதிருக்கலாம், இன்னும் இரண்டு மீன்கள் உயிரோடு இருக்கின்றன என்று அவனிடம் கூறுங்கள். மேலே சொன்ன பன்னிரண்டு நாள் பணியை அவன் கையிலேயே ஒப்படையுங்கள். நீரின் உப்பை அளக்கவும், மாற்றும் நாளைக் குறிக்கவும் ஒரு குறிப்பேடு கொடுங்கள். தந்தையார் உடன் நின்று தொட்டியைத் தூக்கி உதவட்டும்.

தொடக்க நூலில் இறைவன் கடல் மீன்களை மனிதனின் ஆளுகைக்குள் ஒப்படைத்ததாக வாசிக்கிறோம். அந்த ஆளுகை உரிமையாளனின் விருப்பம் அன்று, காவலனின் கடமை என்று திருச்சபை நமக்குக் கற்பிக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலின் சாரமும் இதுவே. கேட்போரில்லாதபோது ரிமினிக் கரையில் புனித அந்தோனியார் மீன்களுக்குப் போதித்தார் என்னும் மரபுக் கதையை நம் பிள்ளைகள் அறிவார்கள். மீன்கள் தலை நீட்டிக் கேட்டனவாம். இன்று நாம் செய்ய வேண்டியது, தொட்டியின் முன் சற்று அமர்ந்து, செவுளின் துடிப்பையும் நிறத்தின் மங்கலையும் கவனித்து, அவை கூறுவதைக் கேட்பதே.

அவ்விரு மீன்களும் பிழைக்கும் என்று நாம் உறுதி கூற இயலாது. செவுள் வரை நோய் பரவியிருந்தால் எம்முயற்சியும் தோற்கக்கூடும். பிழைத்தால், பெரிய தொட்டி ஓய்வெடுக்கும் வாரங்கள் முழுவதும் அவை சிறு தொட்டியிலேயே இருக்கட்டும்; நீரில் கால் பங்கை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றி வாருங்கள். பிழைக்காவிடில், தொட்டியைக் கழுவி உலர்த்தி வைத்துவிட்டு, மகன் தானே விரும்பிக் கேட்கும் வரை வேறு மீன் வாங்க வேண்டா. எவ்வாறாயினும் அவன் எழுதிய குறிப்பேட்டின் செய்தியை நமக்கும் தெரிவிக்குமாறு அக்குடும்பத்தாரைக் கேட்டுக்கொள்கிறோம்.